எஃப்-மூன்று

இரண்டு பத்துக்குத் திரை உறைந்தது.
மூலையில் மணிக்கூடு இரண்டு பத்திலேயே நின்றுகொண்டது.
சுட்டி நடுக்கடலில்
செத்த ஈயைப் போல ஒட்டிக் கிடந்தது.
வரைபடத்தில் விடிவெள்ளி-இரண்டு
ஒரு சிவப்புப் புள்ளி,
ஒரு மணித்தியாலமாய் அசையவில்லை.

உட்துறைமுக வீதி, சங்கக் கட்டடம், மேல்மாடி.
கீழே வாசலில் இரண்டு புள்ளிமான்
யாரோ கொட்டிவிட்டுப் போன கோவா இலையை
அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தன.
எமல்டா என் கதிரைக்குப் பின்னால் நின்றாள்.
அவளுடைய மனுசன் அந்தப் போட்டில் போய்
பதினேழு நாள்.
"நானா, ஏன் நிக்குது?"

"படம்தான் நிக்குது, போட் இல்லை" என்றேன்.
சொன்னேனே தவிர
எனக்கும் தெரியாது.

மூன்று விரல்.
கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்-மூன்று.
நீலக்கடல், பொத்தான்கள், சங்கத்தின் சின்னம்,
போன நத்தாருக்கு யாரோ வைத்து
எடுக்க மறந்த மெழுகுதிரிப் படம்,
எல்லாம் ஒரே வீச்சில் போயிற்று.
கறுப்பு.
மேல் மூலையில் ஒரு சொல்,
அதன் பக்கத்தில் இமைக்கிற ஒரு கோடு.

"மாதாவே" என்றாள்.
கரண்ட் போய்விட்டதென்று நினைத்திருப்பாள்.
இல்லை,
இது அதே வீட்டின் குசினிப் பக்கம்.
விருந்தாளி வராத இடத்தில்தானே அடுப்பு.

பெயரை அடித்தேன்.
கடவுச்சொல்லுக்கு இங்கே ஒரு நட்சத்திரம்கூட விழாது.
பன்னிரண்டு எழுத்தும்
விரலுக்கு மட்டும் தெரிந்து இருட்டுக்குள் போகும்,
பிழைத்தால் கடைசியில்தான் சொல்லும்.
முதல் தடவை பிழைத்தது.
அவளுடைய மூச்சு என் தோளில் பட்டது.
இரண்டாம் தடவை உள்ளே விட்டது.

பதிவுக் கோப்பின் வாலைப் பிடித்தேன்.

02:11    82.09
02:41    82.03
03:11    81.97

படம் வரைகிறவன்தான் தூங்கிவிட்டான்.
எண்ணுகிறவன் விழித்திருந்தான்.

நெட்டாங்கு என்றால், என்று தொடங்கினேன்.
கையைக் காட்டி நிறுத்தினாள்.
மீன் சந்தையில் கூறு பிரித்து
இருபது வருசம் கணக்குப் பார்த்தவள்.
விரலைத் திரையில் படாமல் ஒரு சாண் தள்ளி வைத்து
மேலிருந்து கீழே கொண்டுவந்தாள்.
"எங்கட இடம் எத்தனை?"
"எண்பத்தொன்று, இருபத்திமூன்று."
உதடு அசைந்தது.
"குறையுது."
பிறகு, இன்னும் மெதுவாக:
"குறைஞ்சால் வாறார்."

தொங்கிக் கிடந்த வரைபடத்தைக் கொன்றேன்.
கட்டளையின் பெயரே அதுதான்: கொல்.
பக்கத்தில் ஓர் எண் கொடுக்க வேண்டும்.
இந்த ஊரில் இருந்துகொண்டு
அந்தச் சொல்லை என்னால் வேகமாக அடிக்க முடிவதில்லை.
சரியான எண்தானா என்று
இரண்டு தரம் பார்ப்பேன்.

கொன்ட்ரோல், ஆல்ட், எஃப்-ஒன்று.
மணிக்கூடு திடுக்கிட்டு மூன்று இருபதுக்குத் தாவியது.
வரைபடத்தைத் திரும்பத் திறந்தேன்.
கடல் நீலம், கரை பச்சை,
கோணேசர் மலைக்கு ஒரு சின்ன முக்கோணம்.
சிவப்புப் புள்ளி ஒரு விரற்கடை
கிட்ட வந்திருந்தது.
எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

எமல்டா பார்த்தாள்.
கதிரையொன்றை இழுத்துப் போட்டு இருந்தாள்.
"நானா, மற்றதைப் போடுங்கோ."

போட்டேன்.
மூன்று நாற்பத்தொன்றுக்கு ஒரு வரி இறங்கியது.
81.91.
அவள் அதை வாசிக்கவில்லை.
மனதில் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த எண்ணோடு
ஒத்துப் பார்த்தாள், அவ்வளவுதான்,
செருப்பைக் கழற்றிவிட்டு
காலை மடித்துக்கொண்டாள்.