இரண்டாவது வடு

ஞாயிறு வாசிப்பு இம்முறை எனக்கு.
மலைப்பிரசங்கத்தின் முதல் அதிகாரம், கடைசி வரி.
தாளில் எழுதிச் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறேன்.
பரத்தில் இருக்கிறவரைப் போல
பூரணமாய் இருங்கள் என்கிறது.
முயன்று பாருங்கள் என்றில்லை.
இருங்கள்.

நான் கால் செய்கிறவன்.
யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரிக்குப் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை,
பிளாஸ்ரர் மா, அரம், உருகின பிளாஸ்ரிக்கின் மணம்.
ஒரு கால் நீண்டால் இடுப்பு நோகும் என்று படித்தேன்.
அரை மில்லிமீற்றருக்காக
விடிய விடிய உரோஞ்சியிருக்கிறேன்.
மனைவி கேட்பாள்:
ஆளுக்குக் கால் செய்யிறீங்களோ,
காலுக்கு ஆள் தேடுறீங்களோ?

எனக்கு ஒரு பழைய கோபமும் உண்டு, லேவியராகமத்தோடு.
பலிபீடத்துக்கு யார் கிட்ட வரக்கூடாது என்று ஒரு பட்டியல்:
முடவன், கால் முறிந்தவன், கை முறிந்தவன்,
கண்ணில் பூ விழுந்தவன்.
அதை வாசித்தால்
என் வாசல் வாங்கில் காத்திருக்கிறவர்களின் முகங்கள்
ஒவ்வொன்றாய் வரும்.
ஆட்டுக்குட்டிக்கும் அதே சோதனை.
பல்லைப் பார், குளம்பைப் பார், காதைத் தூக்கிப் பார்.
சந்தையில் ஆடு வாங்குகிறவர் மாதிரித்தான்
கடவுள் எனக்குக் கனகாலம் நின்றார்.

வெள்ளிக்கிழமை கொறெற்றி வந்தா.
குருநகர். மீன் பெட்டி தூக்குகிறவ.
நான் செய்து கொடுப்பதில் இது நாலாவது.
பிறக்கும்போது கிடைத்ததை
எங்கே விட்டாவென்று சொல்லமாட்டா.

புதுப் பாதம் மேசையில்: வழவழப்பு,
ஒரே அச்சில் வார்த்த ஐந்து விரல்.
என் கையால் வந்ததிலேயே பழுதில்லாதது.
அதை வாய்விட்டும் சொன்னேன்.
தூக்கினா, திருப்பினா, குதியைத் தட்டினா.
"இது ஆற்றை கால்?"

"உங்கட."

"என்ர காலில திருக்கை குத்தின வடு இருக்கு தம்பி.
சின்ன விரலுக்குக் கிட்ட. பதினொரு வயசில.
அதைப் போடேலாதோ?"

அரத்தைக் கீழே வைத்தேன்.
உயிர்த்து வந்தவரின் உடம்பு ஞாபகம் வந்தது.
பூட்டின கதவுக்குள்ளால் வரத் தெரிந்த உடம்பு,
சாவு இனிக் கைவைக்க முடியாத உடம்பு,
உள்ளங்கையில் ஆணித் துளை மட்டும் அப்படியே.
மூடத் தெரியாமலா?
தோமாவின் விரல் போகுமளவுக்குத் திறந்தபடி.
பட்டியலோடு வாசலில் நிற்கிறவன்
அவரையும் உள்ளே விட்டிருக்கமாட்டான்.

பூரணம் என்றால் பழுதின்மை என்றே வைத்திருந்தேன்.
பனங்காய் முற்றுகிற மாதிரி ஒரு முற்றல்
அந்தச் சொல்லுக்குள் இருக்குமோ,
காகம் கொத்தி, விழுந்து, ஒரு பக்கம் வெடித்து,
ஒழுங்கை முழுக்க வாசத்தோடு...
தெரியாது. நான் கால் செய்கிறவன்.

ஸ்குறூட்றைவரை அடுப்பில் சுடவைத்தேன்.
"எவ்விடம்?"
"இவ்விடம்" என்று
கால் இருந்த காற்றைத் தொட்டுக் காட்டினா.
றப்பர் பொசுங்கியது.
"ஐயோ, அங்க இல்லை. இன்னும் கொஞ்சம் கீழ!"

பதினேழு வருஷத்தில் முதல்தரம்
ஒரு குறையைச் செய்து தரச் சொல்லி ஒருவர் கேட்டார்.
அதையும் பிழையாய்ச் செய்தேன்.
வேறு பாதம் எடுக்கிறேன் என்றேன்.
"சும்மா இரும். கீழயும் ஒண்டு போடும்."
போட்டேன்.
கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தா.
"மேல இருக்கிறது உம்மட" என்றா.

படியில் ஒருக்கால் தடுமாறி,
கதவைப் பிடித்து,
காசு பிறகு தாறன் என்று போனா.

ஞாயிறு வாசித்தேன்.
அந்தச் சொல்லில் நாக்கு இடறிவிட்டது.
முன்வாங்கில் ஒரு பிள்ளை சிரித்தது.
திருப்பி வாசிக்கவில்லை.