இருட்டின் அட்டவணை

பகலில், டர்பன் நகரத்து மின்சாரப் புகார்த் தொலைபேசியில்,
இருட்டு எப்போது வரும் என்று சொல்வது என் வேலை.
"ஆறாம் கட்டம், அம்மா. உங்கள் வட்டாரத்துக்கு எட்டு முதல் பத்தரை."
வசவு வரும். அதைக் குறித்துக்கொள்ள
திரையில் பெட்டி கிடையாது.

வியாழன் இரவுகளில் இருட்டை நானே வரைகிறேன்.
மடிக்கணினியில் ஒரு சுரங்கம், நாற்பது கட்டம் அகலம்.
சுவர்களைச் சுட்டியால் இழுத்து, கதவுக்குக் கீல் வைத்து,
மேலே கரும்பனியைப் போர்த்திவிடுவேன்.
யார் காலடி படுகிறதோ
அந்தக் கட்டம் மட்டும் விடியும்.

நான் சாட்ஸ்வொர்த்தில். டொங்காட்டில் லோகன்,
பஸ் கம்பெனிக் கணக்கன், ஆட்டத்தில் திருடன்.
ஜோபர்க்கில் யூகேஷ், மந்திரங்களை மறந்துவிடும் மந்திரவாதி.
ஃபீனிக்ஸில் பிரெனிஷா,
மருந்துக்கடை அடைத்து வந்ததும்
குரலை அடிவயிற்றுக்கு இறக்கித்
தாடி வைத்த குள்ளன் ஆகிவிடுவாள்.
கோடரி அவளுடையது. கயிறும். தீப்பந்தமும்.
நேரில் அவளைப் பார்த்ததில்லை நான். அந்தத் தாடியைத்தான் தெரியும்.

ஏழு மணிக்கு மேல் எங்கள் தெருவில் எவரும் நடப்பதில்லை.
கேட், கம்பி, மின்வேலி, நாய்.
வரைபடத்தில் மட்டும் மூவரும் ராத்திரியில் நடக்கிறார்கள்.
நான் அவர்களுக்கு முன்னால் இருட்டாக நடக்கிறேன்.

கணினிப் பகடையை லோகன் நம்பமாட்டான்.
சொந்தப் பகடையைக் கேமரா முன்னால்
சட்னிக் கிண்ணத்தில் உருட்டுவான்.
ஒன்று விழுந்தால் நான்கு வீடுகளிலிருந்தும் ஒரே "ஐயோ".
முழுக்க இங்கிலீஷில் நடக்கும் ஆட்டத்தில்
அந்த ஒரு சொல்லை யாரும் மொழிபெயர்த்ததில்லை.

போன வியாழன் எட்டு மணிக்குப் பிரெனிஷா போனாள்,
"கதவை நான்" என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில்.
அவள் காய் சாம்பல் நிறமாயிற்று.
பந்தம் அணையவில்லை.
பந்தம் எரிவது அவள் வீட்டில் இல்லையே,
எந்த நாட்டிலோ, குளிரூட்டிய ஓர் அறையில்,
என் அட்டவணை எட்டாத ஊரில்.
ஆளில்லாத குள்ளன் கதவருகே நின்றான்.
அவன் வெளிச்சத்தில் மற்ற இருவரும் காத்திருந்தார்கள்.

காத்திருந்தார்கள் என்பது பொய்.
லோகன் இடப்பக்கம் போனான். குழியில் விழுந்தான்.

பத்தரை ஆயிற்று. பதினொன்று.
கரண்ட் இல்லாத அந்த இரண்டரை மணி நேரத்தில்
யாரோ செம்புக் கம்பியை அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.
வெள்ளி வரவில்லை. சனியும் இல்லை.
லோகன் செய்தி அனுப்பினான்:
எத்தனை நாள் குழியில் கிடப்பது, கயிறு அவளிடம் அல்லவா?

சனி இரவு தனியாக வரைபடத்தைத் திறந்தேன்.
குழியில் லோகன். ஓரமாக யூகேஷ்.
கதவருகே அவள் வட்டம்,
சுற்றிலும் ஆறு கட்டத்துக்கு மஞ்சள்.
மூடினாலும் அது எரிந்துகொண்டுதான் இருக்கும், தெரியும்.
இருந்தும் மடிக்கணினியை மெதுவாகத்தான் மூடினேன்.

ஞாயிறும் எனக்கு வேலைநாள். காது சுட்டுக் கிடந்த மதியம்.
"ஃபீனிக்ஸ். மூணு நாளாச்சு. ஐஸ்பெட்டி மீனெல்லாம் போச்சு."
குரல் தெரிந்தது. என் குரல் அவளுக்கும் தெரிந்திருக்கும்.
அழைப்புகள் பதிவாகின்றன.
மேற்பார்வையாளர் இரண்டு நாற்காலி தள்ளி.
எழுதிக் கொடுத்திருப்பதை வாசித்தேன்:
புகார் எண், ஏழு இலக்கம்,
பழுதுக் குழு வரும், நேரம் சொல்ல இயலாது,
வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?

பக்கத்து வீட்டு ஜெனரேட்டர் கொஞ்ச நேரம் பேசியது.
பிறகு குரல் அடிவயிற்றுக்கு இறங்கிற்று:
"என் பந்தம்?"

"எரிகிறது, அம்மா."

அதற்கும் திரையில் பெட்டி இல்லை.
'மற்றவை' என்பதில் குறி போட்டுவிட்டு
அடுத்த அழைப்பை எடுத்தேன்.