மணல் பெட்டி

மஞ்சள் தாளில் ஏழு எண்கள்.
மருத்துவ மையத்துப் பெண் எழுதிக் கொடுத்தாள்,
என் முகத்தைப் பார்க்காமல்.

முதலாமவரிடம் பதினான்கு வாரக் காத்திருப்பு.
இரண்டாமவர் பிள்ளைகளை மட்டும் பார்ப்பவர்.
மூன்றாமிடத்தில் ஒரு மணிநேரக் கட்டணம்
என் ஒன்றரை நாள் சம்பளம்.
நான்காவதில் வெறும் பியானோ.
காத்திருங்கள் காத்திருங்கள் என்று
ஒன்பது நிமிடம் வாசித்தது.
பத்தாவது நிமிடம்
போனைச் சுவரில் எறிந்தேன்.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன்,
மூன்று நாள் கழித்து,
கண்ணாடி மாற்றும் கடையில்.
எப்படி உடைந்தது என்றான் பையன்.
ட்ராம் ஏறிவிட்டது என்றேன்.
ட்ராம் ஓட்டுகிறவள் சொன்னால் நம்பிவிடுகிறார்கள்.

பதினாறு வருடமாக ஓட்டுகிறேன்.
தண்டவாளத்தை மறித்துக் காரை நிறுத்திவிட்டு
ரொட்டி வாங்கப் போகிறவர்கள்
போஸ்னான் முழுக்க இருக்கிறார்கள்.
மணியை அடிப்பேன். அவன் கையை ஆட்டுவான்.
முதுகுக்குப் பின்னால்
நூற்றிருபது பேர் பெருமூச்சு விடுவார்கள்.
ஒருநாளும் கதவைத் திறந்து இறங்கியதில்லை நான்.
ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை.
பொறுமைக்கென்று சான்றிதழே கொடுத்தார்கள்.
அதை மாட்டிய ஆணி
இன்னும் கூடத்துச் சுவரில் இருக்கிறது.
சட்டம் எங்கே என்று கேட்காதீர்கள்.

கோபம் வந்தது என்கிறோம்,
யாரோ விருந்தாளி வந்ததுபோல.
எந்த நிறுத்தத்தில் ஏறியது,
இத்தனை தூரம் ஏன்
வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தது,
என் வீட்டு வாசலில் மட்டும்
ஏன் இறங்குகிறது
யாரும் கேட்பதில்லை.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை.
என் காலடி மாடிப்படியில் கேட்டிருக்கும்.
கதவைத் திறந்தால்
மகன் இக்னாட்சி, பதினோரு வயது,
மேசையிலிருந்த கண்ணாடித் தம்ளர்களை
இரண்டிரண்டாக எடுத்து
மேல் அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தான்.
பதற்றமே இல்லை.
மேகம் கறுத்தால் கொடியிலிருந்து
துணி எடுப்பவர்கள்போல.
"பால் வேணுமாம்மா?" என்றான்.
பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றித் தந்தான்.

குடித்தேன்.
மறுநாள் போய்த்தான்
அந்த மஞ்சள் தாளை வாங்கினேன்.

ஐந்தாவது எண்ணுக்குரியவர் இறந்துவிட்டார்.
எடுத்தது அவர் மனைவி.
மன்னிப்புக் கேட்டு வைக்கப் போனேன்,
"நீங்கள் சொல்ல வந்ததைச் சொல்லுங்கள்" என்றாள்.
அரை மணிநேரம் பேசினேன்.
அவளும் பேசினாள்:
இருபத்தேழு வருடம் ஊரார் கோபத்தையெல்லாம் கேட்டவர்
சாப்பாட்டு மேசையில்
உப்பு கேட்கக்கூட வாய் திறக்கமாட்டாராம்.

ஆறாவது, மாஜெனா.
குரலில் சளி.
செவ்வாய் நான்கரை, நாலாம் மாடி,
லிஃப்ட் வேலை செய்யாது, மன்னிக்கவும்.

ஏறி மூச்சு வாங்க நின்றால் கதவில் பூட்டு.
பன்னிரண்டு நிமிடம்.
பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன்,
அது எத்தனை உதைக்குத் தாங்கும் என்று.
சொட்டும் குடையோடு ஓடி வந்தாள்.
"ட்ராம் தாமதம்."
"எந்த நம்பர்?"
சொன்னாள்.
என் வழித்தடம்.
இன்று எனக்குப் பதிலாக ஓட்டும் புதுப் பையன்.
என்ன செய்வது, சிரிப்பு வந்துவிட்டது.
அதுவும் வந்ததுதான்.

அந்த ஒரு மணிநேரமும் ட்ராமைப் பற்றியே பேசினேன்.
மகனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
அக்டோபரில் ஈர இலைகள்
தண்டவாளத்தில் கூழாகிக் கிடக்கும்,
பிரேக் பிடித்தாலும் சக்கரம் வழுக்கும்,
அதற்காக இருக்கைக்கடியில் ஒரு பெட்டி மணல்,
பொத்தானை அழுத்தினால்
சக்கரத்துக்கு முன்னால் கொட்டும் என்றேன்.
வழுக்கத் தொடங்கிய பிறகு அழுத்தினால் பிரயோசனமில்லை என்றேன்.

"பெட்டியை யார் நிரப்புவது, பானி டனூட்டா?"

யாரோ ராத்திரி ஷிஃப்ட்காரர்கள்.
பதினாறு வருடத்தில்
நான் அவர்களைப் பார்த்ததே இல்லை.
அதோடு நேரம் முடிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தேன்.
சாவியைக் கையில் எடுத்தபோது
உள்ளே கண்ணாடியோடு கண்ணாடி
மெல்ல உரசும் சத்தம்.

வெளியிலேயே நின்றேன்,
அவன் முடிக்கட்டும் என்று.