பாக்கி

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
வளையல் கடைக்கும் கோழிக்கடைக்கும் நடுவே
எட்டடிக்குப் பத்தடி.
சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள்,
என் பதிவுச் சான்றிதழ்.
மேட்டுப்பாளையம் வண்டி வந்துவிட்டதா என்று
எல்லோரும் அதில்தான் பார்த்துக்கொள்கிறார்கள்.

நாலு வருஷம் படித்தது.
"டென்த் பாஸா பாப்பா?" என்பார்
சில்லறையை எண்ணியபடி தேயிலைத் தரகர்.
ஈளாடாவிலிருந்து வரும் பெண்களுக்கோ
நான் அரை டாக்டர்.
கண்ணை விரித்துக் காட்டுவார்கள், நாக்கை நீட்டுவார்கள்;
ஒருத்தி தன் பசுவுக்கு இருமல் என்றாள்.

மழையில் கரண்ட் போன இரவுகளில்
இன்சுலினை ஐஸ் பெட்டியில் வீட்டுக்குத் தூக்கிப் போகிறேன்.
"இந்தக் குளிருக்கு ஃப்ரிட்ஜ் வேறயா?"
ஊரின் குளிர் பன்னிரண்டு டிகிரி.
மருந்தின் குளிர் எட்டைத் தாண்டக் கூடாது.
சொன்னேன். சிரித்தார்கள்.

அந்தப் புதன்கிழமை பெள்ளராஜ் வந்தார்.
முட்டி வலி.
"அந்தச் செவப்பு மாத்திரை, பத்து."
கோவையில் நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றியவர்.
ரத்தம் உறையாதிருக்க
மாதாமாதம் என்னிடம்தான் வாங்குகிறார்.
"அதுவும் இதுவும் சேரக் கூடாதுங்க,
உள்ளுக்குள்ளே ரத்தம் கசியும்."
விரலால் கண்ணாடி மேசையைத் தட்டினார்.
"இருக்கா, இல்லையா?
அரிசிக் கடையில அரிசி கேட்டா
எதுக்குப் பொங்கப் போறேன்னா கேட்பான்?"

"இருக்கு. தர மாட்டேன்."

பின்னால் நின்றவர் குடையை உதறினார்:
"குடுத்துத் தொலைம்மா, மூடுபனி இறங்குது."

அடுத்த தெருவில் கிடைத்தது அவருக்கு,
செய்தித்தாளில் மடித்து,
ஒரு கேள்விகூடச் சேர்க்காமல்.

கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடினேன்.
வண்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.
பின் ஜன்னலில் பச்சை மஃப்ளர்.

பில் புத்தகத்தில் நம்பர் இருந்தது.
எடுத்தது அவர் மனைவி;
கேரட் பாத்தியில் நிற்கிறாள் போல,
காற்று இரைந்தது.
"மெடிக்கல்லருந்து பேசுறேன்."
சற்று நேரம் காற்று மட்டும்.
பிறகு, தணிந்த குரலில்:
"பாக்கி எதாச்சும் வெச்சிருக்காரா?"

இல்லை என்றேன்.
விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன்.
மூன்றாம் தடவை அவளே எனக்குச் சொன்னாள்.

சனிக்கிழமை வந்தாள்.
மடித்த செய்தித்தாளைப் பிரித்தாள். ஒன்பது.
"ஒண்ண அன்னைக்கு வண்டியிலயே முழுங்கிட்டாராம்."
பல் தேய்க்கையில் ரத்தம் வருதா?
"பாக்கலையே... பாக்குறேன்."
பிறகு,
"இத எடுத்துக்கிட்டுக் காசு குடுங்க."

நான் விற்றதில்லை அது.
எந்தக் கடையாய் இருந்தால் என்ன அவளுக்கு,
மாத்திரைக் கடை.
பதினெட்டு ரூபாய் எண்ணி வைத்தேன்.
அன்றைய கணக்கில், டீ - 18.

போகவில்லை அவள்.
சான்றிதழின் கண்ணாடியில்
வண்டி வந்து நிற்பதைப் பார்த்தபடியே கேட்டாள்:
"இந்த வால்வு மாத்திரைக்குக்
கீரை ஆகுமா, ஆகாதா?
எங்க வீட்டுல தினமும் கீரைதான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
வண்டி போனது.