நடுக்கட்டம்

நரீன் நகரில் மைனஸ் இருபத்தொன்று.
குளியல் விடுதியின் கோட்டு அறையில்
டோக்கன் கொடுத்துக்கொண்டே
ஒற்றைக் காதில் கருத்தரங்கு கேட்கிறாள் மேரிம்.

நாற்பத்து மூன்று கறுப்புச் சதுரங்கள்.
"கேட்கிறதா?" என்கிறார் ஒஸ்மோனவ்.
யாரோ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டுப்
போய்விடுகிறார்கள்.

இரவு ஒன்றரைக்கு டெலிகிராமில்
"மூணாவது கணக்கு யாருக்காவது புரிஞ்சுதா?"
பதினேழு குரல்பதிவுகள்.
ஒன்றில் குழந்தை அழுகிறது,
ஒன்றில் கெட்டில் கூவுகிறது,
நூர்சாத் சொன்னது தப்பு,
தப்பென்று காட்டிய அல்தினாய்க்கும் பாதிதான் சரி.
விடிவதற்குள் எப்படியோ விடை வந்துவிட்டது.

காலையில் பல்கலைக்கழகப் படிவம்:
இணையவழிக் கற்றல் பற்றி உங்கள் மனப்பான்மை?
ஐந்து கட்டங்கள்.

பனி உருகிச் சொட்டும் கோட்டுகளுக்கு நடுவே
ரொம்ப நேரம் நின்றாள்.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
'கருத்து இல்லை' என்பதைத் தொட்டுவிட்டு
டோக்கனுக்குக் கை நீட்டினாள்.