ஈரம் பார்ப்பவன்

புதுவயல் ஆலையில் மற்றவர்கள் நெல்லைக் கடித்துப் பார்ப்பார்கள்.
நான் விரலில் உருட்டியே ஈரம் சொல்வேன்.

ஐப்பசியில் சுண்டுவிரல் லேசாய் விறுவிறுத்தது.
"சத்துக் குறைவுதான், சீட்டெல்லாம் வேண்டாம்"
மருந்துக்கடைச் சிதம்பரம் ஓர் அட்டை கிழித்தான்.
விறுவிறுப்பு கூடியது, இரண்டாய்ப் போட்டேன்.
இன்னும் கூடியது.
மூன்று.
காரைக்குடியில் வேறு பெயரில் ஒரு டப்பா;
அதிலும் அதே பி சிக்ஸ்,
எழுத்து மட்டும் பொடிசு.

நேற்று உச்சி வெயிலில்
அவித்த நெல் காயும் களத்தில் நிற்கிறேன்.
"செருப்பு எங்கேய்யா?"
பலகை இழுத்தபடி கத்தினாள் பஞ்சவர்ணம்.
காலைத் தூக்கினேன்.
கொப்பளித்திருந்தது,
யாருடைய காலோ போல.

டாக்டர் டப்பாக்களை வாங்கி
மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.
நரம்பு திரும்பலாம், என்றார்,
'லாம்' என்பதை அழுத்தி.

இன்று லாரியில் புது நெல்.
ஒரு பிடி அள்ளி
கடிக்கிறேன்.