பன்னிரண்டு நிமிஷம்

கரண்ட் வந்ததும் தெருவே கத்தும்: "மீ லாப்யீ!"
எல்லா மாடியிலும் மோட்டார்கள் ஒரே மூச்சில் தண்ணீர் இழுக்கும்.
நான் பெட்டியின் பொத்தானை அழுத்திவிட்டு
அரிசி களைவேன், உலை வைப்பேன்,
நேற்றைய துணியை அலசி பால்கனிக் கம்பியில் போடுவேன்.
அப்போதும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்
செக்குமாடு மாதிரி. எண்ணெய் மட்டும் வராது.

பன்னிரண்டு நிமிஷம். கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.
கிடைக்கிற நாலு மணி நேரத்தில்
பன்னிரண்டு நிமிஷம் வாசலிலேயே நின்றுவிட்டால்,
பிறகு ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கொட்டாவி விட்டால்,
பயின்னவுங் மண்டிக்கு உளுந்துக் கணக்கை
எப்போது அனுப்புவது?

புதுசு வாங்கிடு என்றான் தம்பி சவரிராயன்
மே சோட்டிலிருந்து, போனில்.
எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து எதையும் வாங்கச் சொல்லலாம்.

தாம்வே கடையில் விலை வெள்ளைப் பலகையில் இருந்தது.
காலையில் பதினெட்டு லட்சம் கியாட்.
வீட்டுக்கு வந்தேன். நகை டப்பாவைத் திறந்தேன், மூடினேன்,
மறுபடி திறந்தேன்.
சாயங்காலம் போனால் பத்தொன்பதே கால்.
"டாலர் ஏறிடுச்சு அக்கா" என்றான் பையன்.
பலகை துடைக்கும் துணி அவன் கையிலேயே இருந்தது.
இன்னும் கொஞ்சம் நின்றால் இருபதாகிவிடும் என்று
இறங்கி நடந்தேன் பாருங்கள்,
அன்றைக்கு அந்தக் கடையில்
அவ்வளவு வேகமான கணினி ஒன்றும் இல்லை.

ஐம்பத்தொன்றாம் தெருவில்
மாடிப்படிக்கு அடியில் கடை வைத்திருப்பவன் பஷீர்.
போர்டில் கோ வின் மோ.
நானும் சான்றிதழில் கின் மார் ஏ, ரேஷன் வாங்கவும் அதுவே;
செண்பகவல்லி என்று கூப்பிட இப்போது நாலு பேர்தான்.

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கினான்.
பதினோரு வருஷப் புழுதி, கம்பளி மாதிரி.
ஓரத்தில் இரண்டு பல்லி முட்டை,
காய்ந்துபோன ஒரு வால்.
தலையில் விழுந்தால் இன்னது, தோளில் விழுந்தால் இன்னது
என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது.
மதர்போர்டில் விழுந்தால் என்ன பலன்?
"செலவு" என்றான் பஷீர்.

"பிராசசர் மாத்தணுமா?" என்றேன்,
எல்லாம் படித்துவிட்டு வந்தவள் போல.
"அது நல்லாத்தான் இருக்கு, பாவம்.
பரிமாறுறவன் அசைஞ்சு அசைஞ்சு வந்தா
பந்தியில இலை போட்டு உட்கார்ந்தவன் என்ன செய்வான்?
டிஸ்க்தான் கிழவனாயிருச்சு. எஸ்எஸ்டி போட்டுருவோம்.
ரேம் நாலு இருக்கு, பழசுல இன்னொரு நாலு தர்றேன்,
மூடிப்போன ஒரு அச்சகத்தோடது."

ரேமுக்குத் தமிழில் நினைவகம் என்று எங்கோ படித்திருக்கிறேன்.
கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடுமாம்.
அதற்குப் போய் அந்தப் பெயர் வைத்தவர்
யாங்கோனில் ஒரு நாள் இருந்ததில்லை.
இங்கே கரண்ட் போன பிறகுதான்
எல்லாம் நினைவுக்கு வரும்.

ரெண்டு லட்சத்து எண்பதாயிரம் சொன்னான்.
அறுபதுக்கு முடித்தேன்.
பதினாயிரத்தைத் தீப்பெட்டியில் போட்ட முட்டைகளோடு
திருப்பித் தருவதுபோல நீட்டி, சிரித்தான்.

நேற்றுக் கரண்ட் வந்தது.
கீழ்வீட்டு டோ மியா தீ "மீ" என்றாள்,
"லாப்யீ" இன்னும் வாயில் இருக்கிறது,
அதற்குள் பெட்டி பாஸ்வேர்டு கேட்டது.
அரிசித் தண்ணீர் சொட்டும் கையோடு
நின்றேன். சட்டென்று எதுவும் ஞாபகம் வரவில்லை.

கணக்கு மூன்று மணிக்கே போய்விட்டது.
இன்னும் ஒரு மணி நேரக் கரண்ட் பாக்கி.
இஸ்திரி போடலாம், டார்ச்சுக்கு சார்ஜ் ஏற்றலாம்;
செய்யாமல் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டேன்.
ரசீதுகள் பறக்காமலிருக்கப் பழைய டிஸ்கை மேலே வைத்திருக்கிறேன்.
நல்ல கனம்.
பதினோரு வருஷத்து உளுந்து அதற்குள்.

சுவரில் ஒரு பல்லி சொல்லிற்று.
எந்தத் திசை என்று பார்க்கவில்லை.